வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்களில் டேட்டாவைச் சேமிக்கும் டிரைவ்) போட நினைப்பவர்களும், ஏற்கெனவே ஒரு எஸ்எஸ்டி இருக்க அதைவிட வேகமானதற்கு மாறலாமா என்று யோசிப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் மூன்றாவது கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எஸ்எஸ்டி போட்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

இப்போது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், தெரியும். அதுவும் முதல் முறை ஆன் செய்யும்போதே தெரியும். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது.

காரணத்தை உங்கள் திரையிலேயே பார்க்கலாம். கணினியை ஆன் செய்து, டெஸ்க்டாப் வந்தவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் 100% என்று நிற்கும். கீழே படிக்கும் வேகத்தைப் பார்த்தால் விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். அதே டிஸ்க் ஒரு பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்யும்போது 100 எம்பியைத் தாண்டும். அப்படியென்றால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவிநாடி ஆகும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தேவையான இடம் சுழன்று அதன் அடியில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 12 மில்லிவிநாடிக்கு மேல் போகும். ஆக விநாடிக்கு எண்பது முறை அளவில்தான் இடம் மாறிப் படிக்க முடியும். தடவைக்கு 4 கேபி என்று வைத்தால் 320 கேபி! விண்டோஸ் தொடங்கும்போது படிப்பவை பெரும்பாலும் இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள்தான்.

எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு சின்ன வாசிப்பு 0.1 மில்லிவிநாடி அளவில் முடிந்துவிடும். நூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

என்னிடம் சாட்டா எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது. என்விஎம்இக்கு மாறினால் அதே அளவு பாய்ச்சல் கிடைக்குமா?

கிடைக்காது. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்குகளும் பயன்படுத்தும் பழைய இணைப்பு; என்விஎம்இ டிரைவ் பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடுவது. பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்தால் கிடைக்கும் என்றுதான் தோன்றும். சாட்டாவில் உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 550 எம்பி. நான்கு லேன் (டேட்டா பாதை) கொண்ட பிசிஐஇ ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்விஎம்இ டிரைவில் 3,500, ஜென் 4இல் 7,000க்கும் சற்று மேலே, ஜென் 5இல் 14,000 வரை.

எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாக, பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கவைத்துப் படிக்கும்போது வருபவை. பிரவுசர் திறப்பதும் விண்டோஸ் தொடங்குவதும் அப்படி நடப்பதில்லை. ஒரு சின்னத் துண்டு, அது வந்த பிறகு அடுத்தது என்று போகும். இந்த வகை வாசிப்பில் நல்ல சாட்டா டிரைவ் விநாடிக்கு 30, 40 எம்பி தரும். நல்ல என்விஎம்இ 60 முதல் 90 வரை தரும். பதின்மூன்று மடங்கு என்று பெட்டி சொல்வது, அன்றாட வேலையில் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் பாதி நேரம் ப்ராசஸர் ஃபைலைப் பிரித்துத் தயார் செய்வதற்காக டிரைவ் காத்திருக்கும்.

வீடியோ எடிட்டிங் செய்பவர், நாளும் நூறு ஜிபி கணக்கில் காப்பி செய்பவர், பல மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் ஓட்டுபவர் என்றால் கதை வேறு. அவர்களுக்கு ஜென் 4 கொடுத்த காசுக்கு உழைக்கும். மற்றவர்கள் சாட்டா எஸ்எஸ்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்துக்காக மட்டும் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இடம் போதவில்லை என்றால் மாற்றுங்கள். அது நியாயமான காரணம். புதிதாக வாங்குபவர்கள், ஸ்லாட் இருந்தால் என்விஎம்இயையே வாங்கலாம். கேபிள் தொல்லையாவது மிச்சம்.

என் கணினியில் எந்த வகை பொருந்தும்?

இங்கேதான் பலரும் தவறான டிரைவை வாங்கிவிடுகிறார்கள். வடிவம் ஒன்று, அது பேசும் மொழி இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வடிவத்தில் வீட்டுக் கணினிகளுக்கு இரண்டுதான் முக்கியம். ஒன்று 2.5 அங்குலப் பெட்டி. இதற்கு சாட்டா டேட்டா கேபிளும் பவர் கேபிளும் வேண்டும். இன்னொன்று எம்.2, பபிள்கம் பட்டை மாதிரி மெலிந்த பலகை. நேராக மதர்போர்டிலேயே செருகும். எம்.2 என்றாலே வேகமானது என்று நினைத்துவிட வேண்டாம். எம்.2 வடிவத்தில் சாட்டா டிரைவும் உண்டு, என்விஎம்இ டிரைவும் உண்டு. ஸ்லாட்டும் அப்படியே: சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். சாட்டா மட்டும் தெரிந்த ஸ்லாட்டில் என்விஎம்இயைப் போட்டால் எதுவும் எரியாது, உடையாது. கணினி அதைக் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான்.

டிரைவின் தங்கநிற முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. வாங்கும் முன் இதை மட்டும் நம்பாமல் விவரக்குறிப்பையும் படித்துவிடுங்கள்.

அப்புறம் நீளம். 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். டெஸ்க்டாப்பில் இதுதான் வழக்கம். சிறிய லேப்டாப்களில் 2242, 2230 அளவுகள் வரும். அவற்றில் 80 மில்லிமீட்டர் பலகைக்கு இடமே இருக்காது.

உங்கள் மதர்போர்டின் பெயர் தெரியாவிட்டால், விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்டு ப்ராடக்ட்' என்ற வரியில் இருக்கும். அந்தப் பெயரை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் கையேட்டை இறக்கி, 'ஸ்டோரேஜ்' பகுதியைப் படியுங்கள். அங்கே சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கலாம்: 'எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் இன்னின்ன சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது.' இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. புதிய டிரைவ் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று அலறுபவர்களில் பலருக்கு விடை இந்த வரியில் இருக்கிறது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

லேப்டாப் என்றால் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் சேமிப்புச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் மாற்ற வழியில்லை.

பழைய மதர்போர்டு. எம்.2 ஸ்லாட்டே இல்லை. என்ன செய்வது?

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். சாட்டாவின் இரண்டாம் தலைமுறை போர்ட்டாக இருந்து வேகம் 270 எம்பி அளவில் நின்றாலும் கவலை வேண்டாம். தேடும் நேரம் குறைவதுதான் கணினியைச் சுறுசுறுப்பாக்குகிறது. அது அப்படியே கிடைக்கும்.

பிசிஐஇ ஸ்லாட்டில் அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இ போடவும் வழி உண்டு. டேட்டா வைக்கும் இரண்டாவது டிரைவாக அது வேலை செய்யும். ஆனால் அதிலிருந்து விண்டோஸ் தொடங்க வேண்டுமென்றால் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன் கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) என்விஎம்இ தெரிந்திருக்க வேண்டும். 2014க்கு முந்தைய மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. வம்பு எதற்கு, சாட்டாவே போதும்.

ஜென் 4 டிரைவை ஜென் 3 ஸ்லாட்டில் போடலாமா?

போடலாம். ஸ்லாட்டின் வேகத்தில் ஓடும். பின்னாளில் மதர்போர்டு மாற்றும்போது முழு வேகமும் கிடைக்கும்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

விண்டோஸ், ஆஃபீஸ், பிரவுசர், கொஞ்சம் படங்கள் என்றால் 500 ஜிபி போதும். விளையாட்டுகள் நிறுவுபவருக்கு 1 டிபி. ஒரு பெரிய விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது. 250 ஜிபி வாங்கலாம்தான், ஆனால் சீக்கிரமே எதை அழிப்பது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டி வரும்.

அதிகக் கொள்ளளவில் இடத்தைத் தவிர இன்னொரு லாபமும் உண்டு. டிரைவுக்குள் சிப்கள் அதிகம் என்றால், டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் பல சிப்களில் ஒரே நேரத்தில் எழுதும். அதனால் ஒரே மாடலில் 1 டிபி டிரைவ், 250 ஜிபி டிரைவைவிட எழுதும் வேகத்தில் முந்துவது சகஜம். ஆயுளும் கூடும். ஜென் 5க்குச் செலவிடும் காசை ஜென் 3 அல்லது 4இல் இரட்டிப்புக் கொள்ளளவுக்குச் செலவிடுங்கள் என்பதே என் யோசனை.

1 டிபி வாங்கினேன், விண்டோஸ் 931 ஜிபி என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. தயாரிப்பாளர் 1 டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் எண்ணிவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. 500 ஜிபி டிரைவ் 465 என்று காட்டும்.

டிஎல்சி, க்யூஎல்சி, டிராம் இருக்கிறது, இல்லை என்றெல்லாம் சொல்கிறார்களே. எதைப் பார்த்து வாங்குவது?

எஸ்எஸ்டிக்குள் இருப்பது நாண்ட் ஃப்ளாஷ் என்ற நினைவகம். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. அதன் ஒவ்வொரு செல்லிலும் மின்னூட்டம் அடைபட்டிருக்கும். அது எந்த அளவில் இருக்கிறது என்பதை வைத்து டேட்டா படிக்கப்படுகிறது. டிஎல்சியில் ஒரு செல்லில் மூன்று பிட், அதாவது எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். க்யூஎல்சியில் நான்கு பிட், பதினாறு அளவுகள். அளவுகள் நெருங்க நெருங்க, எழுதுவதற்கு நேரம் பிடிக்கும், தேய்மானத்தைத் தாங்கும் சக்தியும் குறையும். விலை குறைவதும் அதனால்தான்.

இந்தக் குறையை மறைக்க, டிரைவ் தன் செல்களில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஓய்வு நேரத்தில் நெருக்கி அடுக்கும். இதைக் கேச் என்பார்கள். புனலில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். புனல் நிறையும்வரை விருப்பம்போல ஊற்றலாம். நிறைந்துவிட்டால் அதன் அடியில் உள்ள குழாய் விடும் வேகம்தான். மலிவான க்யூஎல்சி டிரைவில் ஒரு பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்து பாருங்கள். கோடு முதலில் உயரத்தில் ஓடும், திடீரென்று செங்குத்தாக விழுந்து 100 எம்பி பக்கத்தில் தவழும். டிரைவ் நிறைய நிறைய இந்தக் கேச்சும் சிறுத்துப்போகும். ஆகவே பத்து, பதினைந்து சதவீத இடத்தையாவது காலியாக விட்டுவைப்பது நல்லது.

டிராம் என்பது எந்த டேட்டா எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள டிரைவுக்குள் இருக்கும் சிறு நினைவகம். என்விஎம்இ டிரைவில் டிராம் இல்லாவிட்டால், கணினியின் ரேமிலிருந்து சில பத்து எம்பியைக் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டு வேலைக்கு அது தாராளம். சாட்டாவில் அந்த வசதி கிடையாது. அதனால் விண்டோஸ் இருக்கப்போகும் சாட்டா டிரைவ் என்றால் டிராம் உள்ளதாகத் தேடுங்கள்.

மொத்தத்தில், விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு டிஎல்சி. விளையாட்டுகள், படங்கள் என்று ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் இரண்டாவது டிரைவுக்கு க்யூஎல்சி பரவாயில்லை. ஒரு எச்சரிக்கை: ஒரே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சிப்பையும் கன்ட்ரோலரையும் மாற்றிவிடும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. இரண்டு வருடம் முன்பு வந்த விமர்சனம், இன்று உங்கள் கைக்கு வரும் டிரைவைப் பற்றியதாக இல்லாமலும் போகலாம்.

எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

தேயும். உங்களுக்குத் தெரியும்படி தேயாது. 1 டிபி டிஎல்சி டிரைவுகளில் 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் என்று போட்டிருப்பது வழக்கம். தினமும் 30 ஜிபி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு இதுவே தாராளமான கணக்கு. 600 டிபியைத் தொட 20,000 நாள், அதாவது 54 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கணினியே இருக்காது.

எனவே பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் எழுதும் ஃபைல்) ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது, பிரவுசர் கேச்சை நகர்த்துவது போன்ற பழைய அறிவுரைகளை விட்டுவிடுங்கள். வேகத்துக்காக வாங்கிய பொருளைத் தேயக்கூடாது என்று பூட்டி வைப்பதில் என்ன பயன்?

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதா, பழையதை அப்படியே குளோன் (முழு நகல்) செய்வதா?

நேரம் இருந்தால் புதிதாக நிறுவுங்கள். பல வருடம் சேர்ந்த குப்பை போகும், பகிர்வுகள் சரியாக அமையும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் நிறுவல் கருவியை ஏற்றிக்கொண்டால் போதும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்திருக்கும். டிரைவை மட்டும் மாற்றினால் இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆக்டிவேஷன் கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மறுபடி நிறுவவே முடியாத மென்பொருள், நுணுக்கமாக அமைத்து வைத்த வேலைச்சூழல் என்று ஏதாவது இருந்தால் குளோன் செய்யலாம். டிரைவ் தயாரிப்பாளர்கள் பலரும் தங்கள் டிரைவுக்கென்று குளோன் மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள். குளோன்ஸில்லாவும் இலவசம், ஆனால் முகப்பு கொஞ்சம் மிரட்டும். புது டிரைவ் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் நேரடியாக ஒத்துக்கொள்ளவும் செய்யாது.

ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே 'டக் டக்' என்று சத்தம் போடுகிறதா? குளோனை மறந்துவிட்டு, முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்வதற்கு அது சரியான நேரமில்லை.

குளோன் செய்யும்போது எங்கே சிக்கல் வரும்?

வழக்கமாக மூன்று இடத்தில். முதலாவது பிட்லாக்கர், அதாவது டிரைவில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இது இயங்கிக்கொண்டிருந்தால், தொடங்கும் முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்திலாவது எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை அணைத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாமலே புதிய லேப்டாப்களில் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, எம்பிஆர். பழைய முறையில் நிறுவிய விண்டோஸ், எம்பிஆர் என்ற பழைய பகிர்வு அட்டவணையில் (டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) இருக்கும். என்விஎம்இயிலிருந்து தொடங்குவதற்குப் பொதுவாக யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையும் ஜிபிடி என்ற புதிய அட்டவணையும் வேண்டும். குளோன் வெற்றி என்று மென்பொருள் சொல்லும், கணினியோ தொடங்காது. விண்டோஸ் 10இல் 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவதுதான் சகஜமானது. குளோன் முடிந்ததும் இரண்டு டிரைவையும் மாட்டியபடியே ஆன் செய்துவிடுவது. கணினி பழைய டிஸ்க்கிலிருந்தே தொடங்கும், 'எஸ்எஸ்டி போட்டும் ஒரு மாற்றமும் இல்லையே' என்று நாம் முழிப்போம். முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். புதியது தனியாகத் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகு பழையதை மாட்டலாம்.

எம்.2 டிரைவைப் பொருத்துவது கஷ்டமா?

ஐந்து நிமிட வேலை. அதில் மூன்று நிமிடம் திருகு தேடுவதில் போகும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் போய்விடும். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்ற வேண்டும். டிரைவை விளிம்பில் பிடித்து, ஸ்லாட்டில் சுமார் 30 டிகிரி சாய்வாகச் செருகுங்கள். வெட்டும் ஸ்லாட்டில் உள்ள தடுப்பும் பொருந்தினால் மெல்லிய எதிர்ப்போடு உள்ளே போகும். தங்கநிறக் கோடுகள் கிட்டத்தட்ட முழுவதும் மறையும். கையை விட்டால் டிரைவ் சாய்ந்தபடியே மேலே எழும்பி நிற்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் நிற்க வேண்டும். மறுமுனையை விரலால் படுக்க அழுத்தி, திருகைப் போடுங்கள். அந்தத் திருகு அரிசிமணி அளவுதான். மதர்போர்டு பெட்டிக்குள் சின்னப் பாக்கெட்டில் வரும். பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் கடையில் 'எம்.2 ஸ்க்ரூ' என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதுதான். திருகின் அடியில் நிற்கும் குட்டித் தூணும் சரியான நீளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தூண் இல்லாமல் இறுக்கினால் பலகை வளைந்துவிடும். இறுக்குவதிலும் பலம் காட்ட வேண்டாம்.

2.5 அங்குல டிரைவ் இன்னும் எளிது. டெஸ்க்டாப்பில் அதற்கென்று இடம் இல்லாவிட்டால் எங்காவது இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை.

பொருத்திவிட்டேன். 'திஸ் பிசி'யில் புதிய டிரைவ் தெரியவில்லையே?

புதிய டிரைவ் வெறுமையாக வரும். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்கும், ஜிபிடி கொடுங்கள். பிறகு கறுப்புப் பட்டையாகத் தெரியும் இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்'. குளோன் செய்யப்போகிறீர்கள் என்றால் இதெல்லாம் தேவையில்லை.

டிஸ்க் மேனேஜ்மென்டிலும் இல்லை, பயாஸிலும் இல்லை என்றால், சரியாகச் செருகவில்லை அல்லது தவறான வகை ஸ்லாட். மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

பயாஸில் தெரிகிறது. ஆனால் விண்டோஸ் நிறுவும்போது டிரைவே இல்லை என்கிறது!

இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல கணினிகளில், டிரைவ்களை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் நிறுவலுக்கு அதற்கான டிரைவர் தெரியாது. கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பென் டிரைவில் பிரித்துப் போட்டு, நிறுவும்போது 'லோட் டிரைவர்' கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் வேலை முடியும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் அதைத் திடீரென்று அணைத்தால் நீலத்திரைதான் வரும்.

டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்ய வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸே அதை எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டு, டிஃப்ராகுக்குப் பதிலாக டிரிம் கட்டளையை அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருக்கும். எந்த இடம் காலியாகிவிட்டது என்று டிரைவுக்குச் சொல்வதுதான் டிரிம். ஃப்ளாஷில் எழுதுவது சிறு பக்கங்களாக நடக்கும், அழிப்பது மட்டும் பெரிய தொகுதியாகத்தான் முடியும். முன்கூட்டியே தெரிந்தால் டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளும். எக்ஸ்பி, விஸ்டா காலத்து விண்டோஸுக்கு டிரிம் தெரியாது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல்தான் உண்டு.

ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அவசியமா?

சாட்டாவுக்கு வேண்டாம். ஜென் 3க்கும் வீட்டு வேலையில் பெரும்பாலும் வேண்டாம். ஜென் 4க்கு மதர்போர்டோடு வந்த தகடு போதும். ஜென் 5 என்றால் கட்டாயம். சூடு எல்லை மீறினால் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. மதர்போர்டுத் தகட்டின் அடியில் உள்ள பிசுபிசுப்பான பட்டையின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உரிக்க வேண்டும். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை உரிக்கக் கூடாது, வாரண்டி போகும்.

முதலில் ரேமா, எஸ்எஸ்டியா?

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் எஸ்எஸ்டிதான் முதலில். எஸ்எஸ்டி இருந்தும் 4 ஜிபி ரேமோடு தவிக்கிறது என்றால் ரேம். நான்கைந்து பிரவுசர் டேபுக்கே ரேம் நிறைந்து, மிச்சத்தை டிரைவில் எழுதி எடுத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு வேகமான டிரைவும் ரேமுக்கு ஈடாகாது.

எஸ்எஸ்டி போட்டால் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஓடுமா?

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, யூஇஎஃப்ஐ, பட்டியலில் உள்ள ப்ராசஸர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 ஏறாது என்றால், சாட்டா எஸ்எஸ்டியோடு லினக்ஸ் போட்டுப் பாருங்கள். பத்து வருடப் பழைய இயந்திரமும் இணையம், எழுத்து வேலைக்குச் சுகமாக ஓடும்.

நம்ப முடியாத விலையில் 16 டிபி கையடக்க எஸ்எஸ்டி விற்கிறார்களே?

நம்பாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, 16 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். எந்த டிரைவ் மீதாவது சந்தேகம் வந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது லினக்ஸில் எஃப்3 கருவியால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

எஸ்எஸ்டி திடீரென்று செத்துப்போனால் டேட்டாவை மீட்க முடியுமா?

ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போட்டு, மெதுவாகி, ஏதாவது ஒரு அறிகுறி காட்டும். எஸ்எஸ்டியில் கன்ட்ரோலர் போனால் நேற்று இருந்தது இன்று இல்லை. தவறுதலாக அழித்த ஃபைலும் அப்படித்தான்: டிரிம் போன பிறகு மீட்பு மென்பொருளால் பொதுவாக எதையும் எடுக்க முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் டிரைவின் ஆரோக்கியத்தை அவ்வப்போது பார்க்கலாம். ஆனால் 100% நலம் என்று காட்டும் டிரைவும் போகும். பேக்கப் ஒன்றுதான் வழி.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்யலாம்?

நல்ல நிலையில் இருந்தால் அதுவே உங்கள் பேக்கப். யூஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கி, உள்ளே போட்டு, மாதம் ஒருமுறை மாட்டி முக்கியமானதை நகலெடுத்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்க எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்கே மேல். எஸ்எஸ்டியின் செல்களில் அடைபட்ட மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள வீட்டு டிரைவ், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் டேட்டாவைத் தாங்கினால் போதும் என்பதே, நினைவகச் சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரக்கோட்பாடு. புது டிரைவ் அதைவிட அதிகம் தாங்கும், ஆனால் கல்யாணப் படங்களை அதை நம்பிப் பூட்டி வைக்க வேண்டாம்.

பழைய டிரைவை வேறொருவருக்குக் கொடுக்கிறேன். ஃபார்மட் செய்தால் போதுமா?

'குயிக் ஃபார்மட்' போதாது. ஹார்ட் டிஸ்க் என்றால் 'குயிக்' என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் முழுப் பரப்பிலும் பூஜ்ஜியங்களை எழுதும், சில மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளில் 'செக்யூர் எரேஸ்' இருக்கும். சில மதர்போர்டுகளின் பயாஸிலும் உண்டு. சில நிமிடங்களில், சில நேரம் சில விநாடிகளிலேயே முடிந்துவிடும். அழுத்தும் முன் பட்டியலில் தேர்ந்தெடுத்திருப்பது பழைய டிரைவ்தானா என்று மாடல் பெயரையும் கொள்ளளவையும் ஒருமுறை சரிபாருங்கள். இன்னும் நல்லது, அந்த நேரத்துக்குப் புதியதைக் கழற்றியே வைத்துவிடுவது.